இடப்பக்கம் மட்டும் திரும்பும் வண்டிகள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியது அல்ல. என் தலையில் கட்டப்பட்டது. கட்டியவள் ராதா. ரங்கூன் லான்மடாவில் என் ஜெராக்ஸ் கடைக்கு மூன்றாவது கடையில் நட்டு, போல்ட்டு, பேரிங் விற்கிறாள். தினமும் டாலாவிலிருந்து படகில் ஆற்றைக் கடந்து வருகிறவள். ஆகஸ்டில் ஒரு நாள், மழைக்கு ஒதுங்குவதுபோல் என் கடைக்குள் வந்து நின்றாள்.

"சயா, நீங்க கதை எழுதுறவருதானே? எங்க வீட்டுக்காரர வெச்சு ஒண்ணு எழுதுங்க."

(சயா என்றால் பர்மிய மொழியில் வாத்தியார். நான் யாருக்கும் ஒன்றும் கற்றுக்கொடுத்ததில்லை. இந்த ஊரில் பேனா பிடித்தவனெல்லாம் சயாதான்.)

"என்னன்னு எழுத?"

"அவரு இங்கிலாந்துல, அந்த ரேஸ் தடத்துல என்ன பண்ணுறாருன்னு."

"தினம் போன்ல பேசுறீங்களே, உனக்குத் தெரியாதா?"

"பேசுறோம். சாப்டியா, சாப்டேன், கரண்டு இருக்கா, இல்ல. அவ்வளவுதான். மத்ததுக்கு எனக்குத் தமிழும் வரமாட்டேங்குது, பர்மாவும் வரமாட்டேங்குது. அவரு உங்க குரூப்புல கதையெல்லாம் படிக்கிறாரு. எனக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது, நீங்க வாசிச்சுக் காட்டுங்க."

என் கதைகள் அச்சில் வருவதில்லை. போனில் ஒரு குழு வைத்திருக்கிறேன், அதில் போடுவேன். சிலர் கும்பிடும் கை போடுவார்கள். படித்துவிட்டுக் கேள்வி கேட்கிறவன் ஒருவன்தான், அவன் ராதாவின் கணவன் தேவராஜ். இருக்கிற ஒரே வாசகனின் மனைவி கேட்கும்போது எப்படி மறுப்பது?

2

முதல் தொடக்கம்: "மார்ஷ்வெல் பந்தயத் தடத்தின் மேல் மாலை வெயில் மஞ்சளாக—"

கைவிட்டேன். இங்கிலாந்து வெயில் மஞ்சளா, வெள்ளையா, உண்டா இல்லையா என்பதே எனக்குத் தெரியாது. நான் மேற்கே அதிக தூரம் போனது ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற த்வாண்டேவுக்கு. அதுவும் பானை வாங்க.

இரண்டாவது தொடக்கம்: "நான்கு வண்டிகள். ஒரே கியர். பிரேக் கிடையாது."

இது பரவாயில்லை. ஆனால் வண்டி விற்கிறவன் பேச்சுப்போல் இருக்கிறது. எனவே கதையை நிறுத்திவிட்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பந்தயத்துக்கு ஸ்பீட்வே என்று பெயர். முட்டை வடிவத்தில் ஒரு மண் தடம். நான்கு மோட்டார் சைக்கிள்கள் நான்கு சுற்றுச் சுற்றும், ஒரு நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஓடுவது பெட்ரோலில் அல்ல, மெத்தனாலில். வளைவில் பின்சக்கரத்தை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, இடது காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே திரும்புவார்கள். அதற்காக அந்தப் பூட்ஸுக்கு அடியில் இரும்புத் தகடு. எப்போதும் இடப்பக்கம்தான் திரும்புவார்கள். வலப்பக்கம் திரும்புவது என்பதே அந்த விளையாட்டில் இல்லை.

முதலில் வந்தால் மூன்று புள்ளி, கடைசிக்கு ஒன்றுமில்லை. புள்ளிக்குத்தான் கூலி. டயரோ எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் தேய்கிறது. இன்ஜினைச் சில வாரத்துக்கு ஒரு முறை பிரித்து மாட்டுகிற செலவும் ஓட்டுகிறவன் தலையில். மார்ஷ்வெல்லின் முதல் ஆட்டக்காரன் பகலில் வீடு வீடாகப் போய்க் குழாய் ரிப்பேர் பார்க்கிறான் என்று தேவராஜ் சொன்னபோது நான் நம்பவில்லை. ஆம்புலன்ஸ் வந்து நிற்காமல் ஒரு வண்டியும் கிளம்பாது. மழை பெய்தால் ஆட்டம் ரத்து, டிக்கெட் காசைத் திருப்ப வேண்டும், ஆம்புலன்ஸ்காரர்களுக்கு மட்டும் கொடுத்தாக வேண்டும். பார்க்க வருவது சில நூறு பேர், பாதிப் பேர் தலை நரைத்தவர்கள். இத்தனைக்கும் பிறகு அந்த விளையாட்டு இன்னும் நடக்கிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

(இவ்வளவு விளக்கம் ஒரு கதைக்கு ஆகாது என்று நானே பிறருக்குச் சொல்லியிருக்கிறேன். எழுத உட்கார்ந்தால் தெரிகிறது.)

3

தேவராஜ் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவன். கல்யாணமாகி எட்டு மாதத்தில் கப்பல் ஏறினான். அப்புறம் மூன்று வருடம் கழித்து, இங்கிலாந்துத் துறைமுகம் ஒன்றில் இறங்கியவன் திரும்ப ஏறவில்லை. காரணத்தை நான் எழுதப்போவதில்லை. இந்த ஊரில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், மற்றவர்களால் ஊகிக்க முடியும்.

அடைக்கலம் கேட்டு மனுப் போட்டுவிட்டு மூன்று வருடமாகக் காத்திருக்கிறான். பதில் வரும்வரை சம்பளத்துக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. சும்மா செய்யலாம். மார்ஷ்வெல்லில் மண்ணை வாருகிறவர்கள் எல்லாருமே சும்மா செய்கிறவர்கள்தான், அந்த விளையாட்டின் மேல் பைத்தியம் பிடித்த தாத்தாக்கள். அவர்களோடு இவனும் சேர்ந்துகொண்டான்.

மூன்றாவது தொடக்கமாக அவன் அனுப்பிய குரல் பதிவையே வைக்கலாம் என்று பார்த்தேன்:

"சயா, நாலு வண்டி போச்சுன்னா மண்ணு பூரா வெளி வேலிக்குப் போயிரும். செங்கப்பொடி மாதிரி மண்ணு. நாங்க ஆறு பேரு வாரிய வெச்சு உள்ள இழுத்துக்கிட்டு வருவோம். உடனே அடுத்த நாலு வண்டி. திரும்ப வெளிய எறிஞ்சிரும். ஒரு நாளைக்குப் பதினஞ்சு ஓட்டம், பதினஞ்சு தடவ வாரணும். முடிஞ்சதும் டீ கொடுப்பாங்க. பேரு சொல்லிக் கூப்பிடுவாங்க சயா. இந்த நாட்டுல என் பேரச் சொல்லிக் கூப்பிடுறது அங்க மட்டுந்தான். மத்த எடத்துலயெல்லாம் எனக்கு நம்பரு."

அவன் முகத்தை விவரிக்கலாம் என்று ஒரு வரி எழுதினேன். தேவராஜின் கண்களில்— வேண்டாம். அவன் கண்களை நான் ஆறு வருடமாகப் பார்க்கவில்லை.

4

சரி, வண்டியின் ஓசையாவது தெரிய வேண்டாமா? ரங்கூன் நகருக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டத் தடை, இருபது வருடத்துக்கும் மேலாக. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அந்தத் தொல்லை இல்லை. டாலாவில் இறங்கி, ஆள் ஏற்றிப் பிழைக்கும் பழனியப்பனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, "வேகமாப் போப்பா" என்றேன். முதல் பள்ளத்திலேயே அவன் லுங்கியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"எதுக்கு சயா இந்த வயசுல?"

"கதைக்கு. பிரேக் இல்லாத வண்டி ஓட்டுறவங்களப் பத்தி."

"பிரேக் இல்லாமயா? நம்ம ராதா வீட்டுக்காரரு அங்கதானே இருக்காரு?" வேகத்தைக் குறைத்தான். "அந்தப் பொண்ணு ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம மொதப் படகுல போகுது சயா, கோயிலுக்கு. வரும்போது காலு வீங்கி வருது. நான்தான் வீட்டுல கொண்டுபோய் விடுறேன். காசு வாங்குறதில்ல."

ஓசையைத் தேடிப் போன எனக்குக் கிடைத்தது இது.

5

இந்த இடத்தில் என் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. நான் எழுதி வைத்திருந்த ராதா பேரிங் விற்பாள், போனில் பேசுவாள், காத்திருப்பாள். கால் வீங்குகிற ராதாவை நான் எழுதவே இல்லை. மறுநாள் அவளிடமே கேட்டேன்.

"மூணு வருஷம் முன்னாடி வீடியோ அனுப்பினாரு சயா. எல்லாரும் எடமா சுத்துறாங்க. கோயில்லயும் வலந்தான், புத்தர் பயாவுலயும் வலந்தான். எடமா சுத்துறது எங்க? சாவுக்குத்தானே? அவரு வண்டி ஓட்டலதான், ஆனா நடுவுல நிக்கிறாரே."

"அதுக்கு?"

"அவங்க எத்தன சுத்து எடமா போறாங்களோ, அத்தன சுத்து நான் அம்மன வலமா வந்துட்டேன். பதினஞ்சு ஓட்டம், ஓட்டத்துக்கு நாலு. சனிக்கெழம அங்க முடியும், ஞாயித்துக்கெழம காலையில இங்க நான். அறுபது."

நான் சிரித்துவிட்டேன். மன்னிக்கவும், அப்போது எனக்கு மீதி தெரியாது.

"மழையில ஆட்டம் நின்னா?"

"போன் பண்ணிக் கேட்டுக்குவேன். ஏழு ஓட்டத்துல நின்னா இருவத்தெட்டு."

பிறகு நட்டுப் பெட்டியை மூடிக்கொண்டே சொன்னாள். "இப்ப அந்தத் தடத்தயே மூடுறாங்க சயா. நெலத்த வீடு கட்ட வித்துட்டாங்களாம். அக்டோபர் கடைசிச் சனிக்கெழமதான் கடைசி ஆட்டம். நான்தான் மூடிட்டேன்."

"செலவு தாங்காம மூடுறாங்கம்மா. இங்கிலாந்துல எத்தனையோ தடம் இப்படிப் போயிருக்கு."

"ஒவ்வொரு சுத்துலயும் அவருக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதான் வேண்டினேன். அறுபதாவது சுத்துல மட்டும், அவரு வரணும்னு வேண்டுவேன். மூணு வருஷமா. அம்மா அதக் கேட்டுட்டாங்க. அவருக்கு இருந்த ஒரே எடத்தப் புடுங்கிட்டாங்க."

விளக்கிப் பார்த்தேன். டயர், இன்ஜின், ஆம்புலன்ஸ், நரைத்த தலைகள், எல்லாவற்றையும் சொன்னேன். "யபாடே சயா," என்றாள். பரவாயில்லை என்று அர்த்தம். எனக்குத்தான் ஆறுதல் சொல்கிறாள் என்று அப்புறம்தான் தெரிந்தது.

6

செப்டம்பரில் தேவராஜிடமிருந்து எழுத்தில் ஒரு செய்தி வந்தது, எனக்கு மட்டும். அப்படியே தருகிறேன்.

"சயா, தடம் போனபின் எனக்கு இங்கே ஒரு அறை மட்டும்தான். திரும்பிப் போக விருப்பம் என்று ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால் விமான டிக்கெட் அவர்களே எடுத்துத் தருவார்கள். படிவம் மேசைமேல் இருக்கிறது. ராதாவிடம் கேட்க முடியாது. வா என்று சொன்னால், எனக்கு ஏதாவது ஆனபின் அவள் அதைத் தாங்க மாட்டாள். வராதே என்று சொன்னால் நான் தாங்க மாட்டேன். நீங்கள் கதை எழுதுவதாகச் சொன்னாள். எப்படி முடிக்கிறீர்களோ அப்படிச் செய்கிறேன்."

எத்தனையோ வருடமாக எழுதுகிறேன். என் கதையைப் படித்து ஒருவன் வேட்டியைக்கூட மாற்றிக் கட்டியதில்லை. இவன் உயிரைக் கொண்டுவந்து என் கடைசி வரியில் வைக்கிறான். கோபம் வந்தது. "நான் என்ன ஜோசியனா?" என்று தட்டச்சு செய்தேன். அனுப்பவில்லை.

(அவனுக்கு வயது முப்பத்துமூன்று. முப்பத்தைந்துக்குள் இருக்கிற ஆண்களைப் படைக்கு எடுக்கிற சட்டம் இங்கே நடப்பில் இருக்கிறது. அடைக்கலம் கேட்டவன் விமானத்தில் வந்து இறங்கினால், வெளியே வருகிற கதவு வரை வருவானா என்பதே நிச்சயமில்லை. வந்துவிட்டவர்களும் இருக்கிறார்கள், வராதவர்களும் இருக்கிறார்கள்.)

7

மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதலாவது: தடம் மூடப்படவில்லை. நரைத்த தலைகள் எல்லாம் சேர்ந்து நிலத்தை வாங்கிவிடுகிறார்கள். பச்சைப் பொய். அந்தச் செலவுக் கணக்கை எழுதிய கையாலேயே இதை எழுத எனக்கு வெட்கமாக இருந்தது.

இரண்டாவது: அவன் படிவத்தைக் கிழிக்கிறான். அறையில் உட்கார்ந்திருக்கிறான். மனுவுக்கு ஒரு நாள் பதில் வருகிறது. என்ன பதில் என்று நான் எழுதவில்லை, அதை முடிவு செய்கிற அதிகாரிக்கே இன்னும் தெரியாது.

மூன்றாவது: வருகிறான்.

அக்டோபர் இரண்டாம் வாரம், கரண்டு இல்லாத ஒரு மத்தியானம், மூன்றையும் ராதாவுக்கு வாசித்துக் காட்டினேன். முதலாவதுக்குத் தலையாட்டினாள், குழந்தைக் கதை கேட்பதுபோல். இரண்டாவதுக்கு, அடுத்ததை வாசிக்கச் சொன்னாள். மூன்றாவதில், விமான நிலையக் கதவு திறந்து தேவராஜ் வெளியே வரும் வரியில், கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"என்ன சட்ட போட்டிருக்காரு?"

நான் எழுதியிருக்கவில்லை. "எதுனாலும் போடலாம்."

"நீலம் போடுங்க."

நீலம் என்று எழுதினேன்.

"மெலிஞ்சிருக்காரா?"

"கொஞ்சம்."

"என்னப் பாத்துட்டாரா?"

"இன்னும் இல்ல. அந்த வரி வரல."

அவள் முகத்தை நான் விவரிக்கப் போவதில்லை. இந்தக் கதையில் அது ஒன்றுதான் எனக்கு நன்றாகத் தெரியும், அதனாலேயே விட்டுவிடுகிறேன். தெருவில் ஒரு சைக்கா ரிக்‌ஷா மணி அடித்துக்கொண்டு போயிற்று. அவள் நிமிர்ந்தாள்.

"அத அடிச்சிருங்க, சயா."

"எத?"

"வர்றத. அவரு வரக் கூடாது. இருக்கட்டும், அறையோ என்னவோ, உசுரோட இருக்கட்டும். நான் சொன்னேன்னே எழுதுங்க."

பேனாவை எடுத்தேன். குறுக்கும் நெடுக்குமாக அடிப்பது என் பழக்கம், அடியில் இருப்பது யாருக்கும் தெரியக் கூடாது. முதல் கோடு போடுவதற்குள் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். வாசிக்கத் தெரியாத அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படி இல்ல. ஒரே ஒரு கோடு போடுங்க. அடிச்சது தெரியணும். அடியில இருக்கிறதும் அவருக்குப் படிக்க வரணும்."

8

தேவராஜ், கதைக்கு முடிவு எழுதச் சொன்னாய். நான் எழுதவில்லை. அவள் சொன்னபடி ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தைப் படம் எடுத்துக் குழுவில் போடுகிறேன். படிக்கிற மற்றவர்களுக்கு இதில் வேலை இல்லை. கோட்டைப் படிப்பதா, கோட்டுக்கு அடியில் இருப்பதைப் படிப்பதா என்பதை நீ பார்த்துக்கொள். இரண்டும் அவள் சொன்னதுதான்.

[ஒற்றைக் கோடு போட்டு அடித்தது: கதவு திறக்கிறது. நீலச் சட்டையில் தேவராஜ் வெளியே வருகிறான். கொஞ்சம் மெலிந்திருக்கிறான். கூட்டத்தில் யாரையோ தேடுகிறான். ராதா]