பார்த்துக்கொண்டவள்

சன்யுவின் இடது கை எப்போதும் மூடியே இருக்கும். நான்டேசா தினமும் அதை வெந்நீரில் நனைத்து, ஒவ்வொரு விரலாகக் கெஞ்சிக் கெஞ்சிப் பிரிப்பாள். நான்கு வயதாகியும் உட்காரவோ பேசவோ வராத பிள்ளைக்கு, கையை மூடிக்கொள்வதில் மட்டும் அப்படியொரு பிடிவாதம். இன்று தண்ணீரில் வைத்ததுமே விரல்கள் தாமாக விரிந்துகொண்டன. நான்டேசா அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சீக்கிரம் குளிப்பாட்டும்மா. வாசல்ல ஆளுங்க வந்தாச்சு."

நாத்தனார் எஸ்தேரி கதவோரம் நின்றாள். உள்ளே வரவில்லை.

"பாய்ல கெடந்தவ கெடந்தபடியே போயிட்டா. தூங்குறான்னுதான் நெனச்சேன்."

"ஏதாச்சும் சாப்பிட்டாளா அண்ணி?"

"இல்ல. நீதான் ஒண்ணும் குடுக்காதீங்கன்னு சொல்லிட்டுப் போனியே."

சொல்லிவிட்டுத்தான் போனாள். தேவாலயத் தாழ்வாரத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளின் தாய்மார் வாராவாரம் கூடுவார்கள். புதிதாக வந்திருந்த ப்ரோசிக்கு அட்டை நாற்காலி செய்யக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. பழைய அட்டைப்பெட்டிகளை மரவள்ளிப் பசையால் ஒட்டி, வெயிலில் காயவைத்துச் செய்வது. அளவு பார்க்கச் சன்யுவின் நாற்காலியையே கொண்டுபோனாள். வாடகை மோட்டார் சைக்கிளில் ஒன்று நாற்காலி ஏறும், இல்லை பிள்ளை ஏறும். சளி பிடித்திருந்த பிள்ளையை, நாற்காலி திரும்பும்வரை எதுவும் ஊட்ட வேண்டாமென்று சொல்லி, நாத்தனாரிடம் விட்டாள்.

அங்கே போய்ப் பெரிய வாத்தியாரம்மா மாதிரிப் பேசினாள். "உக்கார வச்சுத்தான் ஊட்டணும் ப்ரோசி. சிந்துறது மோவாய் வழியா நெஞ்சுக்கு எறங்கட்டும், பரவால்ல. படுக்கப் போட்டு ஊத்தினா மூச்சுக்குழாய்க்குப் போயிரும்." சேதி கேட்டு, நாற்காலியை அங்கேயே போட்டுவிட்டு அவள் ஓடி வந்தபோது பிள்ளை ஆறிப்போயிருந்தது.

முகத்தைத் துடைத்தாள். கழுத்தைத் துடைத்தாள். வலது காதுக்குப் பின்னால் துணி எதிலோ சொரசொரத்தது. காது மடலைப் புரட்டிப் பார்த்தாள். மடிப்பில் கஞ்சி காய்ந்து ஒட்டியிருந்தது.

உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குக் கஞ்சி காதுக்குப் போகாது.

தலையை உயர்த்தினாள். கதவோரம் யாருமில்லை. வெந்நீர்ப் பானையைத் தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும் போலிருந்தது. ஈரத்துணியை மறுபடி நனைத்து, காதை மெதுவாகத் துடைத்து முடித்தாள்.

பிள்ளையை மரப்பட்டைத் துணியில் சுற்றிக் கிடத்தினார்கள். வாழைத்தோட்டத்தில் அவள் கணவன் காக்வா மற்ற ஆண்களோடு குழி வெட்டிக்கொண்டிருந்தான். மகளுக்கு வெட்டுகிறோம் என்ற நினைப்பை மண்வெட்டி கொஞ்சம் மறக்கடித்திருக்கும். முற்றத்துப் பாயில் உட்கார்ந்த நான்டேசாவிடம் பெண்கள் ஒவ்வொருவராக மண்டியிட்டு, சாவு வீட்டில் சொல்ல வேண்டியதைச் சொன்னார்கள்.

"பார்த்துக்கிட்டதுக்கு நன்றிம்மா."

"நீங்களும் பார்த்துக்கிட்டீங்க," என்று அவளும் பதில் முறையைச் சொன்னாள்.

சொல்லி முடித்ததும் அவர்கள் குரலைத் தாழ்த்தினார்கள். "விடுதலைன்னு நெனச்சுக்கோ. இனி ஒனக்கும் ஓய்வு." ஒருத்திகூட ஒப்பாரி வைக்கவில்லை. நடக்கிற பிள்ளை செத்திருந்தால் இந்நேரம் ஊரே அலறியிருக்கும்.

சாயங்காலம் ப்ரோசி வந்தாள், முதுகில் மகன், தலையில் சன்யுவின் நாற்காலி. நாற்காலியை இறக்கிவைத்துவிட்டு அழுதாள். முதுகில் பையனும் சிணுங்கினான். யாரோ ஒரு கோப்பைக் கஞ்சி கொடுத்தார்கள். ப்ரோசி பழக்க தோஷத்தில் அவனை மடியில் மல்லாத்தி, தலையைப் பின்னால் சாய்த்து, கோப்பையை வாயருகே கொண்டுபோனாள்.

நான்டேசா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். காலையில்தானே படித்துப் படித்துச் சொன்னோம், இனி சொல்லி என்ன என்றிருந்தது.

"ஏய்! நிமித்துடி அவன!"

அடுப்படியிலிருந்து எஸ்தேரி ஓடி வந்தாள். கையில் அகப்பை.

"படுக்கப் போட்டு ஊத்தாத! இவனையும் கொன்னுறாத!"

எஸ்தேரி நின்ற இடத்திலேயே நின்றாள்.

"பசிச்சு அழுதாம்மா," என்றாள் யாரையும் பார்க்காமல். "அப்படி அழுதா. எம் புள்ளைங்க அஞ்சையும் அப்படித்தான் ஊட்டி வளத்தேன்."

நான்டேசா எழுந்து நாத்தனாரின் எதிரில் போய் மண்டியிட்டாள்.

"பார்த்துக்கிட்டதுக்கு நன்றி, அண்ணி."

எஸ்தேரியின் உதடு அசைந்தது. பதில் முறை வரவில்லை.

ப்ரோசி பையனை நாற்காலியில் உட்காரவைத்து, இடுப்பைத் துணியால் கட்டி, கரண்டியை நீட்டினாள். அவன் பாதியைத் துப்பினான். கஞ்சி மோவாயில் வழிந்து நெஞ்சுக்கு இறங்கியது.