அளவு ஸ்பூன்

திரைச்சீலை தைக்கிறவளின் தலை அவள் வீட்டுக் கூரையில் முதல்முறை முட்டியது ஒரு வெள்ளிக்கிழமை. அன்று எலுமிச்சம்பழம் விலை ஏறியிருந்தது. தலை முட்டியதற்குக் காரணம் பேக்கிங் பவுடர். அந்த வீட்டில் கேக் செய்வது எப்போதும் மகள்தான். அவள் வெளியூர் வேலைக்குப் போகக் கூடாதென்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள், பேச்சு தடித்தது. மகள் பெட்டியைக் கட்டியபோது பேக்கிங் பவுடர் டப்பாவை விட்டுவிட்டு, அதற்குள் கிடந்த சின்ன அளவு ஸ்பூனை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். பிறகு ஒரு போன்கூட இல்லை.

மகளின் பிறந்தநாளுக்கு அம்மா தானே மாவு கலந்தாள். சின்ன ஸ்பூன் கணக்கைச் சாப்பாட்டு ஸ்பூனில் போட்டாள். கேக் டின்னைத் தாண்டி எழும்பி, நடுவில் பள்ளம் விழுந்து, வேப்பங்காயாகக் கசந்தது. பக்கத்து வீட்டு வாத்தியார் தனக்குச் சர்க்கரை என்றார். மாடி வீட்டுக்காரிக்குத் திடீரென்று பல்வலி வந்தது. கொட்ட மனம் வராமல் அவளே முழுக் கேக்கையும் தின்று தீர்த்தாள். தின்னத் தின்னப் பாதம் தரையை விட்டது. ஆனாலும் வாரம் தவறாமல் சுட்டாள். அடுப்பு சூடாக இருக்கும்வரை மகள் உள்ளே இருப்பது போன்ற வாசனை வீட்டில் இருந்தது. அது இல்லாமல் அவளால் இருக்க முடியவில்லை.

தொழிலுக்கு ஒன்றும் குறையில்லை. திரையை மாட்ட ஏணி வேண்டாம் என்பதில் வாடிக்கையாளர்களுக்கு மகிழ்ச்சிதான். ராத்திரியில் திரை நாடாவால் இடுப்பைக் கட்டில் காலோடு கட்டிக்கொண்டு தூங்கினாள். கூரையோரத்திலிருந்து பார்த்தால் சாப்பாட்டு மேசையில் ஒரே ஒரு தட்டு தெரியும். உயரம் அவளுக்குப் பழகிவிட்டது, அந்தத் தட்டு பழகவில்லை.

வருடங்கள் போயின. காற்றுக்காலம் ஒன்றில் அவள் பாதி உடம்பு ஜன்னலுக்கு வெளியே போய்விட, எதிர்க்கடை இஸ்திரிக்காரர் காலைப் பிடித்து இழுத்துப் போட்டார். அவர்தான் மகளின் நம்பரைத் தேடிப்பிடித்து, கேக் கதையைச் சொல்லி, இனிமேல் தன்னால் பொறுப்பேற்க முடியாது என்று சொன்னார்.

மகள் அன்றே கூப்பிட்டாள்.

"எந்த ஸ்பூன்ல போட்டே?"

"சாப்பாட்டு ஸ்பூன்ல."

"அளவு ஸ்பூன் எங்கிட்டதாம்மா இருக்கு."

"தெரியும்."

சனிக்கிழமை அவள் ஸ்பூனோடு வந்தாள். அம்மா மேலேயிருந்து, இளைத்துவிட்டாய் என்றாள். மகள் மேசையில் இருந்த கேக்கைச் சரிபாதியாக வெட்டி, ஒரு பாதியை எட்டிக் கொடுத்துவிட்டு மறுபாதியைத் தின்றாள்.

"கசக்குது."

"ஆமா."

கடைசித் துண்டு தீர்ந்தபோது அம்மா இறங்கியிருந்தாள், மகள் ஏறியிருந்தாள். இருவரும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், முகத்துக்கு முகம் நேராக நின்றார்கள். அம்மா அழுதாள். மகள் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினாள். பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. அது அவளுக்கு ஒரு பொருட்டாகவும் இல்லை.

அளவு ஸ்பூனை அவள் டப்பாவுக்குள் வைத்துவிட்டுத்தான் போயிருந்தாள். அம்மா அதைக் கழுவித் துடைத்து அலமாரியில் வைத்தாள். இன்றுவரை சாப்பாட்டு ஸ்பூனால்தான் அளக்கிறாள். அளவு சரியாகிவிட்டால் மகள் வர வேண்டிய அவசியம் இருக்காது. கேக்கை வெட்டி ஒரு பாதியை மட்டும் தின்கிறாள், மறுபாதியை மூடி வைக்கிறாள். மகள் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை வருகிறாள். மற்ற நாட்களில் தரைக்கும் அம்மாவுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி இருக்கிறது. வீடு பெருக்க அது வசதியாக இருப்பதாகச் சொல்கிறாள்.