வேலியோரம் நிற்கும் என்ஜின்

"நெலி, மத்தியானத்துல நீ மிளகா வறுக்கிறியா?" என்று ஒஃபீலியா அக்கா கேட்டபோது நான் அவளுக்குக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். கோப்பை நிறைந்து தட்டில் வழிந்த பிறகுதான் கையை நிறுத்தினேன்.

என் சமையலறை மேசைமேல் அக்கா ஒரு நீளமான தாளை விரித்து, அது சுருண்டுகொள்ளாமல் ஒரு முனையில் உப்பு ஜாடியையும் மறுமுனையில் தன் கண்ணாடிக் கூட்டையும் வைத்திருந்தாள். தாள் முழுக்க ஏறி இறங்கும் கோடு. எங்கள் வீட்டுப் பெட்டி எழுதிய கோடு அது. அக்டோபரில் தெருக்காரர்கள் சேர்ந்து நான்கு வீடுகளில் வெள்ளைப் பெட்டிகள் மாட்டினோம். காற்றில் எவ்வளவு கரி இருக்கிறது என்று அது தானாகவே அளந்துகொள்ளும். கூடவே ஒரு நோட்டும் கொடுத்தார்கள். அடுப்பு மூட்டினால், மெழுகுவர்த்தி ஏற்றினால், பின்கதவைத் திறந்து வெளியே போனால், எதுவானாலும் மணியோடு குறித்து வைக்கவேண்டும். மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் பத்து நாளில் சலித்துப்போய் விட்டுவிட்டார்கள். எனக்குத்தான் எடுத்த காரியத்தைப் பாதியில் விடத் தெரியாது. குளிர்பெட்டிக் கதவில் நூல் கட்டித் தொங்கவிட்டு, நாலு மாதம் ஒரு நாள் விடாமல் எழுதினேன். 7:15 அடுப்பு, முட்டை. 9:40 குப்பை லாரி. 12:10 அன்செல்மோவுக்குச் சாப்பாடு, வேலி. அப்போது அது எனக்கு வெறும் நோட்டு.

"திங்கள்லேர்ந்து வியாழன் வரைக்கும் பாரு," என்று அக்கா விரலை வைத்துக் காட்டினாள். "தினம் பன்னண்டு மணிக்கு மேல கோடு மாடியேறிடுது. பன்னண்டே முக்காலுக்குத்தான் இறங்குது. வெள்ளிக்கிழமை ஒண்ணுமில்ல. சனி, ஞாயிறு ஒண்ணுமில்ல. ரயிலு வெள்ளிக்கிழமையும்தானே ஓடுது? நாளைக்கு ரயில் கம்பெனி ஆளு இதைத்தான் கேப்பான். புகை எங்களுது இல்லம்மா, உங்க அடுப்புலேர்ந்து வருதும்பான்."

நாளை சாயந்திரம் ஆறு மணிக்குப் பள்ளிக்கூட நூலகத்தில் சுகாதாரத் துறைக்காரர்கள் வந்து உட்காரப் போகிறார்கள். எங்கள் தெருவை ஒட்டிய தண்டவாளத்தில் என்ஜின்களை ஓடவிட்டபடி நிறுத்தக்கூடாது என்று ஓர் உத்தரவு வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பெட்டி, இந்தத் தாள், இரண்டு வருடமாக அக்கா ஏறி இறங்கிய அலுவலகப் படிகள் எல்லாம். நோட்டு ஒழுங்காக இருப்பது என் வீட்டில் மட்டும். மற்ற மூன்று பெட்டிகளின் கோட்டுக்கு யாரும் சாட்சி சொல்ல முடியாது.

திங்கள் முதல் வியாழன்வரை யாருக்கு வேலை, யாருக்கு வெள்ளியிலிருந்து விடுமுறை என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் புருஷன் அன்செல்மோவுக்குத்தான். ரயில் யார்டுக்குள் என்ஜின்களை டீசல் போட, கழுவ, பழுது பார்க்க என்று இடம் மாற்றி நிறுத்துகிற வேலை அவனுக்கு. தினமும் மதியம், கையிலிருக்கிற என்ஜினை அப்படியே கிழக்கு முனைக்கு ஓட்டிவந்து எங்கள் பின்வாசலுக்கு நேராக நிறுத்துவான். நான் வேலிமேல் எக்கிச் சூடான சாப்பாட்டைக் கொடுப்பேன். இந்தத் தெருவில் ரயில்வேக்காரனைக் கட்டிக்கொண்டவள் எல்லாம் அந்த வேலியோரம் நின்றவள்தான். ஒஃபீலியா அக்காவும் இதே இடத்தில் நின்றிருக்கிறாள். அவள் புருஷன் பெனிக்னோ முப்பத்தொரு வருடம் இதே யார்டில் இருந்துவிட்டு, கடைசி இரண்டு வருடம் மூக்கில் குழாயோடு முன்னறையில் உட்கார்ந்திருந்தார்.

"மிளகாதான் வறுக்கிறேன்னு நீ சொன்னா நான் எழுதிக்கிறேன்," என்றாள் அக்கா. "ஆனா அதோட பெட்டியைக் கழட்டி ஓரமா வச்சிடுவாங்க. உன்கூடச் சேந்து தெருவே வாயை மூடிக்க வேண்டியதுதான்."

"எப்பவாவது வறுப்பேன்கா. தினமும் இல்ல."

அக்கா தாளைச் சுருட்டவில்லை. எழுந்து, குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு, பின்ஜன்னல் வழியாக வேலியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பனி படிந்த கம்பி வலை. அதில் ஓரிடத்தில் மட்டும், நான் தினமும் எக்கி எக்கி, மேல்கம்பி வளைந்து இறங்கியிருக்கும். "அந்த வளைவை ஆரம்பிச்சு வச்சது நான்தான்டி," என்றாள். "நாளைக்கு அஞ்சரைக்கு வரேன். நோட்டை எடுத்து வை. இல்ல, எடுத்து வைக்காதே. உன் இஷ்டம்." அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மிளகாய் என்று கேட்டதே நான் தப்பித்துக்கொள்ள ஒரு சந்து விட்டுவைக்கத்தான். எனக்கு அவள்மேல் கோபமாக வந்தது. தெரிந்தவள் நேரே கேட்டிருக்கலாம். நானும் நேரே பொய் சொல்லியிருப்பேன்.

மாடியில் என் மகள் யாரெலி இருமினாள். எட்டு வயது. கிறிஸ்துமஸ் முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து பதினோரு நாள் போகவில்லை. இழுப்பு வந்தால் அவளுக்குக் கழுத்துக்குக் கீழே குழி விழும். அந்தக் குழியைப் பார்த்துத்தான் இன்ஹேலரா ஆஸ்பத்திரியா என்று முடிவு செய்வேன். டாக்டர் கேட்கிற கேள்விகளும் எனக்கு மனப்பாடம். வீட்டில் பூனை உண்டா, கம்பளம் உண்டா, யாராவது சிகரெட் பிடிக்கிறார்களா. பூனையைக் கொடுத்துவிட்டோம், கம்பளத்தைப் பிய்த்துப் போட்டோம், அன்செல்மோ சிகரெட்டை விட்டு நாலு வருடம் ஆகிறது. இன்ஹேலர் அவன் வேலையின் காப்பீட்டில் வருகிறது. இதையெல்லாம் யோசித்தபடி நான் நாலு பேருக்கு வேண்டிய வெங்காயத்தை நறுக்கிவிட்டிருந்தேன். நாங்கள் மூன்று பேர்தான்.

அன்செல்மோ ஐந்து மணிக்கு வந்தான். பூட்ஸைக் கழற்றி வாசலிலேயே வைத்தான், டீசல் வாடைக்காக மேல்சட்டையை வெளியே மாட்டினான், கையை முழங்கைவரை இரண்டு தடவை கழுவினான். பிள்ளைக்காக இவ்வளவும் பார்த்துப் பார்த்துச் செய்கிறவன். நான் தாளை அவன் தட்டுக்குப் பக்கத்தில் விரித்தேன்.

"என்ன இது, மலைப் படமா?"

"நீ சாப்பிட்ட மலை, கிழவா. ஒவ்வொண்ணும் ஒரு சாப்பாடு."

சிரித்தான். பிறகு தேதிகளைப் படித்தான், நோட்டை வாங்கிப் படித்தான். சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு விரலால் ஒவ்வொரு நாளாக ஒப்பிட்டுக்கொண்டே போனான். ஜனவரியில் மூன்று நாள் அவனுக்கு முதுகுவலி, வேலைக்குப் போகவில்லை. அந்த மூன்று நாளும் கோடு தரையோடு கிடந்தது. அங்கே அவன் விரல் நின்றுவிட்டது.

"அணைச்சு வைக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"கால் மணிக்கு மேல நின்னா அணைக்கணும்னு சுவத்துல ஒட்டிருக்கு. சூப்பர்வைசர் வாயால சொல்றது வேற. குளிர் காலத்துல எவன் அணைக்கிறானோ அவனே தோள் கொடுத்துத் தள்ளிட்டு வரட்டும்னு சொல்றான். பாதி என்ஜின்ல பேட்டரி உயிரே இல்ல, நெலி. அணைச்சு, திரும்பக் கெளம்பலேன்னா லைனே அடைஞ்சுடும். ஏன்டா அணைச்சேன்னு என்னைத்தான் கேப்பான். ஓடவிட்டது வெளிய தெரிஞ்சா, சுவத்துல ஒட்டினதைப் படிக்கலையாடான்னு கேக்கவும் என்னைத்தான் கூப்பிடுவான்."

"சரி, அணைக்க வேணாம். மேக்கு முனைல நிறுத்திட்டு, ஆறின சோத்தைத் தின்னு. நான் காலையிலயே கட்டித் தரேன்."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "மேக்கு முனைல என்ன இருக்கு, சொல்லு?"

சொல்லவேண்டியதே இல்லை. பள்ளிக்கூடம் இருக்கிறது. தண்டவாளத்துக்கும் விளையாட்டுத் திடலுக்கும் நடுவில் ஒரு சுவர்கூடக் கிடையாது. பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைகளை வெளியே விடுவார்கள்.

"சோத்துக்காக மட்டும் இங்க வரலடி. மத்தவனுங்க எல்லாம் அங்கதான் நிறுத்துறானுங்க. எனக்கு மனசு வரல. மத்தியானம் அவ ஸ்கூல்ல இருப்பா, வீடு காலியாத்தான் இருக்கும்னு..."

"பதினோரு நாள் அவ எங்க இருந்தா?"

"இங்க."

"தினமும் நான் எங்க இருந்தேன்?"

அவன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். அழுவானோ என்று பயந்தேன். அழுதால் நான்தான் தேற்றவேண்டும், அதற்கு என்னிடம் தெம்பு இல்லை. பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக, இந்த மனிதன் எங்களை நேசிக்கிற விதமே எங்கள் மூச்சில் ஏறிவிட்டது என்று தோன்றியது. ஆனாலும் அவன் தட்டை எடுத்துப்போய்ச் சூடுபண்ணி மறுபடி வைத்தேன். சாப்பிட்டான். நோட்டைப் பற்றி நானும் பேசவில்லை, அவனும் பேசவில்லை. காலையில் போகும்போது மட்டும், கதவில் கைவைத்தபடி, "இன்னிக்குச் சூடாவே கொண்டு வா," என்றான்.

அன்று புதன்கிழமை, பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து டிகிரி. யாரெலிக்கு மறுபடி இருமல், மறுபடி லீவு. பீன்ஸும் முட்டையும் பச்சை மிளகாயும் வைத்து நாலு டார்ட்டியா ரொட்டி சுருட்டி, அலுமினியத் தாளில் பொதிந்து, பிளாஸ்கில் காப்பி ஊற்றிக்கொண்டேன். போகிற போக்கில் நோட்டின் நூலை அவிழ்த்துக் கோட்டுப் பைக்குள் போட்டேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. அடுப்பில் எரிப்பதற்கு என்றும் வைத்துக்கொள்ளலாம், ஆறு மணிக் கூட்டத்துக்கு என்றும் வைத்துக்கொள்ளலாம்.

சரியாகப் பன்னிரண்டு பத்துக்கு என்ஜின் மணியடித்துக்கொண்டு கிழக்கு முனைக்கு வந்தது. வழக்கமான இடத்தில், வளைந்த வேலிக்கம்பிக்கு நேராக நின்றது. வாடை முதலில் வரும், பிறகு சமையலறைக் கண்ணாடிகள் நடுங்கும், பிறகு என் பல்லிலேயே அந்த அதிர்வு இருக்கும். எல்லாம் வந்தது. அப்புறம் என்ஜின் ஒரு குலுங்கு குலுங்கி அடங்கிவிட்டது.

அணைத்துவிட்டான்.

என்ஜின் நிற்கும்போது வேலியோரம் இப்படி ஒரு சத்தமில்லாத மதியம் உண்டு என்று எனக்குத் தெரியாது. மூன்று வீடு தள்ளி ஒரு நாய் சங்கிலியை இழுப்பது கேட்டது. ஒஃபீலியா அக்கா வீட்டு வாசலில் மணிச்சரம் தொங்குவதைத் தினமும் பார்த்திருக்கிறேன். அது ஒலிப்பதை வேலியோரத்திலிருந்து இன்றுதான் கேட்டேன். பின்கதவு திறந்து யாரெலி போர்வையோடு தலையை நீட்டினாள்.

"அம்மா, என்னாச்சு? ஏன் சத்தமே இல்ல?"

"உள்ள போ கண்ணு. அப்பா சாப்பிடுறாரு."

அன்செல்மோ இறங்கி வந்து, வேலிக்கு அந்தப் பக்கம் பனியில் நின்றபடியே சாப்பிட்டான். மென்று விழுங்குவதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை. மூன்றாவது டார்ட்டியாவில் நிறுத்தி, என் கோட்டுப் பையில் துருத்திக்கொண்டிருந்த நோட்டைப் பார்த்தான். "எழுது," என்றான். "பன்னண்டு பத்துக்கு அணைச்சாச்சுன்னு எழுது. சாயந்திரம் அதையும் படி. பழைய பக்கத்தையும் படி. எம் பேரோட படி."

"கெளம்பலேன்னா?"

"கெளம்பும்." காப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு மூடியைத் திருகிக் கொடுத்தான்.  

பன்னிரண்டு நாற்பதுக்கு ஏறினான். நான் கையுறையைக் கழற்றி, நோட்டை வேலிக்கம்பத்தில் சாய்த்து, அணைத்த நேரத்தை எழுதிவிட்டுப் பென்சிலோடு காத்திருந்தேன். உள்ளே எதுவோ முனகியது. நீளமாக, அடித்தொண்டையிலிருந்து முனகி நின்றது. கொஞ்சம் பொறுத்து இரண்டாவது தடவை. இந்தத் தடவை குட்டையாக. யார்டு சாலையின் கடைசியில் சூப்பர்வைசரின் வெள்ளை வண்டி திரும்பி எங்கள் பக்கம் வரத் தொடங்கியது. அவசரமே இல்லாமல் வந்தது. மேலே ஜன்னலில் அன்செல்மோவின் முழங்கை மட்டும் தெரிந்தது, அசையாமல்.

மூன்றாவது தடவை. முனகல் இழுத்துக்கொண்டே போயிற்று. இழுப்பு வரும்போது பிள்ளையின் கழுத்தைப் பார்க்கிற மாதிரியே நான் அந்தப் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினைந்து வருடம் அதைத் திட்டித் தீர்த்த வாயால், வா, வந்துவிடு, ஒரே ஒரு தடவை கறுப்பாகக் கக்கிவிடு என்று கெஞ்சினேன். முனகல் நின்று, மணிச்சரம் மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது. புகைபோக்கிக்கு மேலே வானம் துடைத்துவைத்தாற்போல நீலமாக இருந்தது.