லோரி அளவு ஓர்கா

பங்கோர் தீவுக்குப் படகில் போய்வந்த ஒரே வாரத்தில், சிங்காரம் கடலில் பார்த்ததாகச் சொன்ன மீன் நன்றாக வளர்ந்திருந்தது. திங்கட்கிழமை தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் அது மோட்டார் சைக்கிள் நீளம். புதன்கிழமை தானா ராத்தா டவுன் சாப்பாட்டுக் கடையில் கார் நீளம். வெள்ளிக்கிழமை எஸ்டேட் கோயிலில் பூஜை முடிந்து சுண்டல் கைக்கு வந்தபோது, கொழுந்து லோரியையே தாண்டிவிட்டது. நம் தேயிலை உரத்தைத் தின்றதோ என்னவோ.

"கறுப்பு உடம்பு, வெள்ள வயிறு. ஓர்கா லா அது, திமிங்கலத்தையே கடிச்சித் திங்கும். போட்டுக்குப் பக்கத்துலயே வந்துச்சி. நான் அது கண்ணையே பாத்துக்கிட்டு நின்னேன்," என்றான் சிங்காரம். "மலருதான் பாவம். வாந்திப் பைக்குள்ள தலைய விட்டவ நிமிரவே இல்ல. ஒண்ணும் பாக்கல."

பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அவன் மனைவி மலர், வாய்க்குக் கொண்டுபோன சுண்டலைக் கீழே இறக்கினாள்.

ஓர்காவை அவள் பொறுத்துக்கொண்டாள். கல்யாணமான நாள் முதல் இவன் அளப்பதைக் கேட்டுப் பழகிய காது. ரிங்லெட் ஏரியில் முதலை பார்த்தேன் என்றபோதுகூட அவள் வாயைத் திறக்கவில்லை. ஆனால் வாந்தி? முதல் அலைக்கே லைப் ஜாக்கெட்டைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, பலகைக்கு அடியில் சுருண்டு, முருகனைக் கூப்பிட்ட மகராசன் யார்?

அவன் அப்படிக் கிடந்தபோதுதான் டால்பின்கள் வந்தன. ஒரு தாய், ஒரு குட்டி. துணைக்கு வருவதுபோலப் படகை ஒட்டியே நீந்தின. குட்டி மூச்சு விட்டபோது தெறித்த தண்ணீர் மலரின் முகத்தில் விழுந்தது. பனியும் தேயிலையும் தவிர வேறு பார்க்காத கண்ணுக்கு வாய்த்தது அந்த ஒன்றுதான். வீட்டுக்கு வந்ததும் ஆசையாக அதைப் புருஷனிடம் சொன்னாள். தப்பு அங்கேதான் நடந்தது. அவள் டால்பின்தான் அவன் வாயில் ஓர்காவாகிவிட்டது.

அடுத்த வீட்டு யோகேஸ்வரிக்கு அடுத்தவர் வீட்டில் புகை வந்தால் விசிறாமல் இருக்க முடியாது. "ஏன்க்கா, நெசமாவே நீ ஒண்ணும் பாக்கலியா?" என்றாள், கோயிலுக்கே கேட்கும்படி.

சிங்காரம் மனைவியைக் கண்ணாலேயே கெஞ்சினான்.

"பாத்தேன்," என்றாள் மலர். "டால்பின். தாயும் குட்டியும். நான் மட்டுந்தான் பாத்தேன். இவரு பலகைக்கு அடியில இருந்தாரு. வாந்திப் பையும் இவருதுதான்."

கோயில் முழுக்கச் சிரிப்பு. சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்த சாம்பசிவம்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"டால்பின்தானா? அது டிவியிலயே வருதேம்மா."

யோகேஸ்வரியின் முகமும் சப்பென்று ஆகிவிட்டது. சிரித்து முடித்த கூட்டம், ஓர்காவுக்குப் பல் எவ்வளவு பெரிசு என்று மறுபடி சிங்காரத்தையே சூழ்ந்துகொண்டது. அவனும் கூச்சமே இல்லாமல் முழங்கையைத் தொட்டு அளவு காட்டினான். பொய் என்று தெரிந்தே கேட்கிற இந்த ஆட்களுக்கு ஓர்காதான் சரி என்று மலருக்குத் தோன்றியது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் சிங்காரம் அவள் பின்னாலேயே வந்து குழைந்தான். "ஏய் மலரு, அந்தக் குட்டி மூச்சு விட்டுச்சின்னியே, அது எப்படி?"

"நீங்கதான் அது கண்ணையே பாத்தீங்களே."

தூறல் போட்டது. மலர் குடையை விரித்தாள், தனக்கு மட்டும்.