முழங்காலை மறைத்தவர் மீது ஒரு வழக்கு

1

இந்தக் கதை முதலில் என் டைரியில் ஒற்றை வரியாகத்தான் இருந்தது: "இன்று ஒரு அம்மா, தோற்பதற்காக வழக்குப் போட வந்தார்."

பகலில் நான் ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறேன். மாலையில் எழுத்து வகுப்பு. அந்த வரியை வகுப்பில் வாசித்தேன். "அப்புறம்?" என்றார்கள். அப்புறம் என்ன என்று எனக்குத் தெரியாது. கழுத்தில் அளவு டேப்போடு வந்தார், வக்கீலம்மாவிடம் தன் கதையைச் சொன்னார், யோசித்துவிட்டு வருகிறேன் என்று போனார். இன்னும் வரவில்லை.

அவர் சொன்னதை ஒழுங்காக எழுதிவிட்டு, தெரியாத இடங்களில் அடைப்புக்குறி போடலாம் என்று இருக்கிறேன். (போகப் போக அடைப்புக்குறி போட மறந்துவிடுவேன் என்று இப்போதே பயமாக இருக்கிறது.)

2

தொடக்கம், முதல் முயற்சி:

"ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இறுதியாக்கப்பட்ட விவாகரத்துச் சொத்துப் பங்கீட்டை மறுபடி திறக்கக் கோரி, கீழ்வீட்டில் குடியிருக்கும் மனுதாரர்—"

வேண்டாம். பகலெல்லாம் இதைத்தான் அடிக்கிறேன்.

இரண்டாம் முயற்சி:

"அந்த வீட்டின் படிக்கட்டு பாதியில் ஒரு சுவரில் முட்டி நின்றது, அவர்களுடைய வாழ்க்கையைப் போலவே—"

ஐயோ. வாழ்க்கையை அடித்து நீக்கிவிட்டேன். சுவரை விட்டுவைக்கிறேன். சுவர் நிஜம்.

மூன்றாவது, கொஞ்சம் தேவலை:

கர்ட்டன் அக்காவின் கூடத்திலிருந்து மாடிக்குப் போகிற மரப்படிக்கட்டு, சில படிகள் ஏறியதும் செங்கல் சுவரில் முடிந்துவிடும். எங்கும் போகாத படிகள் என்பதால் அக்கா அவற்றை அலமாரியாக்கிக்கொண்டாள். முதல் படியில் லைனிங் துணி. அதற்கு மேலே வளையங்கள், கொக்கிகள். சுவரை ஒட்டிய படியில், ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்க வராதவர்களின் திரைகள். சுவருக்கு அந்தப் பக்கத்துப் படிகளில் பிரேக் சார் தன் செருப்புகளை அடுக்கியிருப்பார். (இது யூகம். ஆனால் வேறு எதற்கு ஆகும்?)

பிரேக் சார் அவளுடைய முன்னாள் கணவர். கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்ள வந்தவர்கள் அடிக்க மறந்ததையெல்லாம் இத்தனை வருஷமாக அவர்தான் அடித்தார். அந்தப் பெயர் அப்படி வந்தது. முழங்கால் அப்படித்தான் போனது.

(வக்கீலம்மாவிடம் வந்த அந்த அம்மாதான் கர்ட்டன் அக்கா; கீழ்வீட்டிலேயே திரை தைத்து விற்கிறாள். அவளை "அவள்" என்றும் அவரை "அவர்" என்றும் எழுதுகிறேன். இருவருக்கும் "அவர்" போட்டுப் பார்த்தேன். வலிப்பது யாருடைய முழங்கால் என்று எனக்கே குழம்பிவிட்டது.)

3

பிரிந்தபோது வீட்டை இரண்டாக்கினார்கள். கீழே அவளுக்கு, மேலே அவருக்கு. உள்படிக்கட்டைச் சுவர் வைத்து அடைப்பது. அவர் ஏறி இறங்க வெளியே ஒரு இரும்புச் சுழல்படி. ஒருவர் பகுதிக்குள் மற்றவர் நுழையக் கூடாது. எல்லாம் தீர்ப்பில் இருக்கிறது.

அன்று நீதிமன்ற வராந்தாவில் அவர் சொன்னார்: "மாடியை நானே எடுத்துக்கறேன். எனக்கென்ன, காலு நல்லாத்தானே இருக்கு."

'இதுலயும் உசரத்துல உக்காரணும் இந்த மனுஷனுக்கு' என்று அக்கா மனசுக்குள் கறுவினாள். ஒன்பது வருஷமும் அந்தக் கறுவலைக் காயாமல் வைத்திருந்தாள்.

ஏன் பிரிந்தார்கள் என்று வகுப்பில் கேட்டார்கள். இன்னொரு பெண் என்று எழுதிப் பார்த்தேன், பொருந்தவில்லை. குடி, அதுவும் பொருந்தவில்லை. வக்கீலம்மா கேட்டபோது அக்கா சொன்னதையே எழுதிவிடுகிறேன்: "அவரு யாரையும் கேக்காம பிரேக் அடிப்பாருங்க. கார்ல மட்டும் இல்ல." மகள் படிப்பு, அக்காவின் கடை, எல்லாவற்றிலும் ஆபத்து வருவதாக அவரே முடிவு செய்து, அவரே காலை வைப்பார். பக்கத்தில் இருப்பவள் ஒவ்வொரு முறையும் முன்னால் போய் இடித்துக்கொள்வாள்.

பிரிந்த பிறகு கூப்பிடுவதுதான் சங்கடமாகப் போயிற்று. பெயர் சொல்லிப் பழக்கமில்லை. "என்னங்க" என்று கூப்பிட உரிமையில்லை. அதனால்:

"மேல! டேங்க் வழியுது!"

"கீழ! காது கேக்குது, கத்தாதே!"

தெருவே கேட்டுச் சிரித்துப் பழகிவிட்டது.

4

போன மாதம் மகள் போன் செய்தாள். வேறு ஊரில் வேலை.

"அப்பாவால அந்த இரும்புப் படி ஏற முடியலம்மா. மேல்வீட்டை வித்துட்டு எங்கிட்டயே வந்துடச் சொல்லிட்டேன்."

"யாரைக் கேட்டு?"

"உன்னை எதுக்கும்மா கேக்கணும்? நீ என்ன அவரோட ஹவுஸ் ஓனரா?"

நியாயமான கேள்வி. மறுநாளே மேல்வீட்டைப் பார்க்க ஒரு குடும்பம் வந்தது. அவர்களுடைய குழந்தை மாடியில் குதிகுதியென்று குதித்தது. கீழே மின்விளக்கு ஆடியது. அக்கா ஆடும் விளக்கைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் நடந்தால் விளக்கு ஆடாது. ஒரு கால் அழுத்தமாகவும் ஒரு கால் மெதுவாகவும் விழும். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அவள் காலையில் எழுவாள் (என்று நினைக்கிறேன்).

அதே வாரம் பிசியோதெரபி செய்கிற பெண், கிளினிக்குக்கு மறைப்புத் திரை வாங்க வந்தாள். எந்த ரகசியமும் வாயில் தங்காத பெண்.

"சாருக்கு இது நேத்து வந்த வலி இல்லக்கா. டிவோர்ஸுக்கு முன்னாடியே டாக்டர் மாடி ஏறக் கூடாதுன்னு சொல்லிட்டாராம். சாரே சொன்னாரு. 'கீழ கடைக்கு ஆள் வரணும்மா, அதான் மாடியை நான் எடுத்துக்கிட்டேன்'னாரு. உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியாம என்ன?" என்றாள் அக்கா. கத்தரிக்கோல் துணியில் போட்ட சாக்பீஸ் கோட்டை விட்டு எங்கேயோ போயிருந்தது. அந்தத் துணி வீண்.

5

இனி வருவது நான் காதால் கேட்டது. அடைப்புக்குறி தேவையில்லை.

"முடிஞ்சுபோன பங்கீட்டைத் திறக்கணும்னா வலுவான காரணம் வேணும்மா," என்றார் வக்கீலம்மா. "அவர் அப்ப எதையாவது மறைச்சாரா? வேற மனை, நிலம்?"

"மறைச்சாரு."

வக்கீலம்மா பேனாவைத் திறந்தார். "என்னத்தை?"

"முழங்காலை."

பேனா மூடிக்கொண்டது. அக்கா விவரம் சொன்னாள். சொல்லிவிட்டுக் கேட்டாள், "இது ஏமாத்துதானே?"

"ஏமாத்துனதுல லாபம் உங்களுக்குத்தானேம்மா வந்திருக்கு?"

"லாபம் வந்துட்டா ஏமாத்து இல்லைன்னு ஆயிடுமா?"

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எடுத்துக்கறதுக்காக மறைக்கிறவங்களைத்தான் நான் பார்த்திருக்கேன். கொடுக்கறதுக்காக மறைச்சவர் மேல கேஸ் போட்டதில்ல. சரி, உங்களுக்கு என்ன வேணும்?"

"சுவரை எடுக்கணும். என் கூடத்து வழியா அவருக்குப் பாதை எழுதணும். உள்படி தாழ்வா இருக்கும், பிடிச்சுக்கக் கைப்பிடி இருக்கு. ஏறிடுவாரு."

"இதுக்கு எதுக்குக் கோர்ட்டு? கொத்தனாரைக் கூப்பிடுங்க, அரை நாள் வேலை."

"இடிச்சுட்டு? 'வாங்க, என் வீட்டு வழியா ஏறிக்கோங்க'ன்னா வருவாரா? என் வாசல்ல ஈரக் குடையைக்கூட வைக்க மாட்டாரு. தயவுன்னா வர மாட்டாருங்க. உரிமைன்னா வருவாரு."

"மகள்கிட்ட போறது நல்லதுதானேம்மா?"

அக்கா அளவு டேப்பை விரலில் சுற்றினாள். "நல்லதுதான். அவருக்கு."

தட்டச்சில் நான் ஒரு வரியை இரண்டு முறை அடித்துவிட்டேன்.

"ஒண்ணு சொல்லிடறேன்," என்றார் வக்கீலம்மா. "நாம ஜெயிக்கிறது கஷ்டம். ஆனா கேஸ் நடக்கிற வரைக்கும் மேல்வீட்டை யாரும் வாங்க மாட்டாங்க. அவர் கோபப்படுவாரு."

"எத்தனை நாள் நடக்கும்?"

"இழுத்தா இழுக்கும்."

"இழுக்கட்டும்," என்று சொல்லி எழுந்தவள், கதவருகே நின்று, "இல்ல, யோசிச்சுட்டு வரேன்," என்று போனாள்.

6

அவள் வரவில்லை என்றேன் அல்லவா? கதையில் வரவைத்துவிட்டேன். மனு போட்டாயிற்று. நீதிமன்ற நோட்டீஸ், கீழ்வீட்டிலிருந்து மேல்வீட்டுக்கு, ஊரையெல்லாம் சுற்றிக்கொண்டு தபாலில் போய்ச் சேர்ந்தது.

பிரேக் சார் அதைப் பிடித்துக்கொண்டு இரும்புப் படியில் ஒவ்வொரு படியாக இறங்கினார். அக்கா சத்தத்தை எண்ணாமல் இருக்க மெஷினை ஓட்டினாள்.

"என்ன இது?"

"படிக்கத் தெரியாதா? நோட்டீசு."

"முழங்காலை மறைச்சேனாம்! எந்த ஜட்ஜாவது சிரிக்காம படிப்பாரா இதை?"

"உள்ள வந்து உக்காந்து பேசுங்க."

"நுழையக் கூடாதுன்னு தீர்ப்பு இருக்கு."

அக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து, முன்கால்கள் உள்ளேயும் பின்கால்கள் வெளியேயுமாக வாசலில் போட்டாள். "பாதிக் குத்தம்தான். உக்காருங்க."

அவர் நாற்காலியை ஒரு வாகனம் போலச் சுற்றிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"அப்ப வலி இல்ல," என்றார்.

"இருந்துச்சு."

"என் முழங்காலு, எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாம பாத்துக்கிட்டீங்க. அதான் கேஸே."

"சொல்லியிருந்தா நீ மாடியை எடுத்துக்கிட்டிருப்பே. கர்ட்டன் வாங்கறதுக்கு எவ மாடி ஏறி வருவா?"

"அதை நான் முடிவு பண்ணியிருப்பேன்ல? அப்பவும் என்னைக் கேக்காமத்தான் பிரேக்கா?"

அவர் நோட்டீஸை நாலாக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"நான் போயிட்டா உனக்கு நிம்மதிதானே. டேங்க் வழியுதுன்னு தினம் கத்த வேண்டாம்."

"கத்தறதுக்கு மேல ஒரு ஆள் வேணும்ல."

(இதை அவள் சொல்லியிருக்க மாட்டாள் என்கிறார் வகுப்பில் ஒருவர். நானும் அதையேதான் நினைக்கிறேன். மூன்று முறை அந்த வரியை அடித்து நீக்கினேன். ஒவ்வொரு முறையும் அவளே திரும்பச் சொல்கிறாள்.)

"நான் எதிர்மனு போடுவேன்," என்றார் அவர், வேறு எங்கோ பார்த்தபடி.

"போடுங்க. நல்ல வக்கீலா பாத்துப் போடுங்க. எங்க வக்கீலம்மா கெட்டிக்காரி."

7

முடிவுகளை வரிசையாக எழுதிவைத்திருக்கிறேன்.

முதலாவது: அவர் 'ஆமா, அப்பவே வலிச்சது' என்கிறார். பங்கீடு திறக்கிறது, சுவர் போகிறது, தினமும் அவள் கூடத்தின் வழியாக நடக்கிறார். வகுப்பில் கைதட்டுவார்கள். ஆனால் அந்த 'ஆமா'வுக்குள் இன்னொரு 'ஆமா' இருக்கிறதே. பிரிகிற நாளில்கூட அவளை நினைத்தேன் என்று, முன்பின் தெரியாதவர்கள் நடுவே அவர் சொல்வாரா?

இரண்டாவது: 'இல்லை' என்கிறார். மனு தள்ளுபடி. மேல்வீட்டில் குழந்தை குதிக்கிறது, விளக்கு ஆடுகிறது. இதை எழுதி முடித்தேன். சரியாகத்தான் வந்திருந்தது. அதனாலேயே பிடிக்கவில்லை.

மூன்றாவது: அவரைச் சொல்லவைக்க மனமில்லாமல் அக்காவே மனுவை வாபஸ் வாங்குகிறாள். அவரைக் கேட்காமல். அதாவது, அவளும் அவரைப் போலவே பிரேக்கில் காலை—

இந்த வாக்கியத்தை இப்படியே விட்டுவிடுகிறேன்.

8

ஆகவே நீதிமன்றத்துக்கு மட்டும் அவர்களைக் கூட்டிப்போகிறேன்.

சின்ன அறை. மின்விசிறி காகிதங்களைத் தூக்கப் பார்க்கிறது, யாரோ கல் வைத்திருக்கிறார்கள். நீதிபதி மனுவைச் சிரிக்காமல்தான் படித்தார். படித்து முடித்து, பிரேக் சாரை நிமிர்ந்து பார்த்தார்.

"பங்கீடு நடந்தப்ப உங்களுக்கு முழங்கால் வலி இருந்ததா, இல்லையா? உக்காந்தே சொல்லலாம்."

"இல்லங்க, நின்னே சொல்றேன்."

மேசை விளிம்பைப் பிடித்தார். தோள் முன்னால் வந்தது. பாதி எழுந்தவர் அங்கேயே நின்றார், நாற்காலிக்கும் நிமிர்வுக்கும் நடுவில். எதிர்ப்பக்கத்திலிருந்து அக்கா, கோர்ட்டு என்றும் பாராமல், "என்னங்க, உக்காருங்களேன்!" என்றாள்.

நீதிபதி அவளைப் பார்த்தார். பிரேக் சாரும் பார்த்தார். கை இன்னும் மேசை விளிம்பில்.

இங்கே நான் பேனாவை மூடிவிடுகிறேன். அவர் உட்காரலாம். நிமிர்ந்து நின்று பொய்யும் சொல்லலாம், நிஜமும் சொல்லலாம். அவரிடம் கேட்காமல் அவருக்காக ஒரு பதில் எழுத எனக்குக் கை வரவில்லை. நீங்கள் வேண்டுமானால் எழுதுங்கள். ஆனால் ஒன்று: நீங்கள் எழுதி முடிக்கும்வரை வழக்கு நடந்துகொண்டிருக்கும், மேல்வீட்டை யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் அவசரமே இல்லை. நிதானமாக யோசியுங்கள். நாளைக்கு எழுதினாலும் போதும்.