ஈரக் கையால் தொடாதீர்கள்

காலை ஏழு மணிக்கெல்லாம் மீனவர் சங்கச் செயலாளர் அந்தக் கண்ணாடி அறையின் பூட்டைத் திறந்துவிடுவார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, தோளில் கிடக்கும் துண்டில் கைகளை ஒன்றுக்கு இரண்டு முறை துடைத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் உள்ளே கால் வைப்பார். அறையின் நடுவே, சிமெண்ட் மேடைமேல், பதினெட்டு அடி நீளத்துக்கு ஒரு மரப்படகு உட்கார்ந்திருக்கும்.

ஒரு காலத்தில் இந்தத் துறைமுகத்தில் முப்பது மரப்படகுகள் இருந்தன. ஃபைபர் படகுகள் வர வர அவை ஒவ்வொன்றாக விறகாகிப் போயின. மிஞ்சியது இது ஒன்றுதான். இதையும் விறகுக்காரன் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்று செயலாளர் ஏறி இறங்காத அலுவலகம் கிடையாது. சங்கக் கட்டடத்தில் கண்ணாடிச் சுவர் எழுப்பி, விளக்குப் போட்டு, கடைசியில் ஏசியும் மாட்டிய பிறகுதான் மனிதருக்குத் தூக்கம் வந்தது. படகைச் சுற்றிக் கயிறு கட்டி, கயிற்றில் ஒரு பலகையைத் தொங்கவிட்டார். 'ஈரக் கையால் தொடாதீர்கள்' என்று அதில் எழுதியதும் அவர்தான்.

அந்தப் படகுக்கு 'மூத்தவள்' என்று பெயர் வைத்தவள் அவர் மனைவி. துறைமுகப் படிக்கட்டில் மீன் விற்பவள். அவள் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வருவதற்கு ஒரு மாதம் முன்னால் இந்தப் படகு தண்ணீரில் இறங்கியது. கட்டியவர் அவளுடைய அப்பா. அப்போது பலகையைப் பிடித்துக்கொண்டு நின்ற அவள் தம்பிதான் இன்றைக்குத் தச்சர்.

"எனக்கு வாங்கித் தர்றேன்னு சொன்ன ஏசி பத்து வருஷமா வழியில வந்துக்கிட்டே இருக்கு. மூத்தவளுக்கு மட்டும் ஒரே வாரத்துல வந்து இறங்கிடுச்சு" என்று அவள் சொல்லிக் காட்டாத நாள் இல்லை.

"அது சங்கத்துக் காசு, நம்ம காசு இல்ல" என்பார் செயலாளர்.

"ஆமா, நம்ம காசா இருந்தா வந்திருக்குமா?"

சிரித்துக்கொண்டே அவர் காய்ந்த துணியால் படகைத் துடைப்பார். ஈரத் துணி என்றாலே அவருக்கு ஆகாது. பெற்ற பிள்ளைக்குத் தலை துவட்டுவது போல அவ்வளவு பதமாகத் துடைப்பார். அன்புக்கு அவரிடம் குறைவே இல்லை. அந்த அன்புதான் படகைக் கொன்றுகொண்டிருந்தது என்பது அவருக்குத் தெரியவில்லை.

மூன்றாம் மாதம் பலகைக்கும் பலகைக்கும் நடுவே மயிரிழை போல ஒரு கோடு விழுந்தது. ஆறாம் மாதம் அதில் ஒரு நாணயம் நுழைந்தது. செயலாளர் பதறிப்போய், ஃபைபர் படகில் கீறல் விட்டால் அடைப்பார்களே, அந்தப் பசையை வாங்கி வந்து எல்லா இடுக்கையும் தன் கையாலேயே நிரப்பினார். பசை கல்லாக இறுகியதும் மேலே சாயம் பூசினார். மரப்படகில் தொழில் கற்றவர்தான். ஆனால் பதினைந்து வருடமாக ஃபைபரையே ஓட்டியதில், கை அந்தப் பழக்கத்திலேயே போய்விட்டது. படகு பளபளவென்று ஆனது, அவரும் நிம்மதி ஆனார்.

ஒரு திங்கட்கிழமை துறைமுக அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது.

படிக்கட்டை ஒட்டிய முதல் இடத்தில் மரப்படகு மட்டும்தான் கட்டலாம் என்பது பழைய விதி. அந்த இடத்தில் ஓராண்டு மரப்படகு நிற்கவில்லை என்றால் சங்கத்தின் உரிமை போய்விடும். வருகிற சனிக்கிழமையோடு ஓராண்டு முடிகிறது. உல்லாசப் படகு விடும் ஒரு கம்பெனி அந்த இடத்தைப் படிக்கட்டோடு சேர்த்துக் கேட்டிருக்கிறது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அதிகாரி பார்வையிட வருவார். கடிதம் அவ்வளவுதான்.

செயலாளர் இரண்டு முறை படித்தார். படிக்கட்டு போனால் அங்கே மீன் விற்கும் பதினான்கு பெண்களும் எங்கே உட்காருவார்கள்? அதில் ஒருத்தி அவர் மனைவி. அந்த இடத்தைக் காலி செய்தவர் யார்? ஊரே கைதட்ட, கிரேன் வைத்து மூத்தவளைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அவரேதான்.

"அப்போ படகத் தண்ணில இறக்குங்க" என்றாள் மனைவி, கடிதத்தைக் கேட்டு முடித்ததும்.

"ஒரு வருஷமா கரையில கிடந்த படகு. சும்மா தள்ளிவிட்டா ஆச்சா?"

"ஆகாது. அதுக்கு என் தம்பி வேணும். போய்க் கூப்பிடுங்க. வாயத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?"

அங்கேதான் சிக்கல். படகை அறைக்குள் ஏற்றிய அன்று தச்சர், "தண்ணி படாத படகும் கட்டிலும் ஒண்ணுதான் அத்தான்" என்று சொல்லிவிட்டார். செயலாளருக்குச் சுருக்கென்று தைத்தது. "உனக்குப் பொறாமைடா மச்சான்" என்று எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்தார். அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவர்கள், ஒரே தெருவில் இருந்துகொண்டு இன்னும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போகிறார்கள்.

முடிவில் அக்காதான் போய்க் கூப்பிட்டாள். செவ்வாய்க்கிழமை காலை தச்சர் வந்தார். கயிற்றைத் தாண்டி உள்ளே போனார். பலகை இடுக்கில் நகத்தால் சுரண்டினார். அவர் முகம் மாறியது.

"அக்கா, இந்த வைத்தியத்தப் பாத்த டாக்டர் யாருன்னு கேளு."

"உன் தம்பிகிட்ட சொல்லு, ஓட்டையப் பாத்துக்கிட்டுச் சும்மா இருக்க முடியலன்னு."

"அது ஓட்டை இல்லக்கா, தாகம். மரம் காய்ஞ்சா சுருங்கும், தண்ணி குடிச்சா ஊதும். ஊதினா பலகையும் பலகையும் நெருக்கிக்கிட்டு இடுக்குத் தானா அடைஞ்சுடும். நடுவுல இப்படிக் கல்லு மாதிரி வச்சு இறுக்கினா பலகை எங்க போகும்? ஆணியப் பிடுங்கிக்கிட்டு வெளிய வரும். இப்படியே தண்ணில விட்டா ரெண்டே நாள்ல விறகு."

"உன் தம்பிகிட்ட கேளு, இப்போ என்ன செய்யணும்னு."

"அத்தான்கிட்ட சொல்லு..."

"நிறுத்துங்க ரெண்டு பேரும்!" என்றாள் அவள். "நான் என்ன தபால் பெட்டியா? அங்க என் மீன் வெயில்ல காயுது. நேருக்கு நேரா பேசிக்கோங்க." கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு போயே போய்விட்டாள்.

தச்சர் பையிலிருந்து இரண்டு சுரண்டியை எடுத்து, ஒன்றை அத்தானிடம் நீட்டினார்.

அன்றும் மறுநாளும் சுரண்டல்தான். ஒரு வாரம் ஆசை ஆசையாக நிரப்பியதை எல்லாம் செயலாளர் தன் கையாலேயே நோண்டி எடுத்தார். விரல் நுனி உரிந்து எரிந்தது. வலியைவிடக் குற்ற உணர்ச்சிதான் அவரை அதிகம் படுத்தியது. புதன்கிழமை மதியம், படகின் அடியில் மல்லாக்கப் படுத்திருந்தபோது மெல்ல வாயைத் திறந்தார்.

"அன்னைக்கு எல்லார் முன்னாடியும் பொறாமைன்னு சொன்னேன்ல."

"சொன்னீங்க."

"சொல்லியிருக்கக் கூடாது."

"அந்த மூணாவது இடுக்குல இன்னும் பசை இருக்கு, பாருங்க அத்தான்" என்றார் தச்சர். அதோடு அந்தச் சண்டை தீர்ந்தது.

சுத்தமான இடுக்குகளில் எண்ணெயில் ஊறிய பஞ்சுத் திரியைத் தச்சர் தளர்வாக வைத்துக்கொண்டே போனார். வியாழக்கிழமை காலை படகைக் கொண்டுபோய்ப் படிக்கட்டு ஓரம் இறக்கினார்கள். துறைமுகமே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது.

இறக்கிய மறு நிமிடம் எல்லா இடுக்கிலிருந்தும் தண்ணீர் பீறிட்டது. "செயலாளர் ஐயா, படகக் கேட்டா சல்லடைய இறக்கியிருக்கீங்களே!" என்று ஃபைபர் படகிலிருந்து ஒருவன் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். செயலாளருக்குச் சிரிப்பு வரவில்லை. ஓடிப்போய்ச் சங்கத்து மோட்டார் பம்ப்பைத் தூக்கி வந்தார். குழாயைப் படகுக்குள் போட்டுச் சுவிட்சில் கை வைக்கும்போது தச்சர் குறுக்கே வந்தார்.

"போடாதீங்க அத்தான். மூழ்கட்டும்."

"என்னடா சொல்ற? கண்ணு முன்னாடி மூழ்குதுடா!"

"மூழ்கினாத்தான் உள்ளயும் வெளியயும் ஒண்ணா ஊறும். இங்க ஆழம் இடுப்பளவுதான், எங்கயும் போயிடாது. நாலு மணல் மூட்டைய வச்சு அப்படியே உட்கார விடுவோம்."

"சனிக்கிழமைக்குள்ள மிதக்கும்னு நிச்சயமாத் தெரியுமா உனக்கு?"

தச்சர் பொய் சொல்லவில்லை. "தெரியாது. ஒரு வருஷம் ஏசில காய்ஞ்ச மரம் இது. ஆனா இப்போ தண்ணிய இறைச்சா இடுக்கு அடையவே அடையாது. அது மட்டும் நிச்சயம்."

செயலாளர் சுவிட்சையே பார்த்தார். படகை ஒரு சொட்டு ஈரம் படாமல் வைத்திருந்த மனிதர். அதே படகு கண்ணெதிரே தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது, கையைக் கட்டிக்கொண்டு நில் என்கிறான் மச்சான். மனைவி படியில் மீன் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து அவரையே பார்த்தாள்.

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன?" என்றாள். "அப்பா கிட்டத் தொழில் படிச்சவன் சொல்றான். விட்டுடுங்க."

அவர் சுவிட்சிலிருந்து கையை எடுத்தார். மணல் மூட்டையைத் தூக்கி முதலில் உள்ளே வைத்தவரும் அவர்தான். கொஞ்ச நேரத்தில் மூத்தவளின் விளிம்பு மட்டும் வெளியே தெரிந்தது.

வெள்ளிக்கிழமை முழுவதும் செயலாளர் படிக்கட்டைவிட்டு நகரவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார். மனைவி கொடுத்த டீ கையிலேயே ஆறிப்போனது. மாலையில் பொறுக்க முடியாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து, விளிம்புக்குக் கீழே இடுக்கைத் தேடித் தேடித் தடவினார். நாணயம் நுழையவில்லை. நகத்தை வைத்துப் பார்த்தார். நகமும் நுழையவில்லை.

ஈரக் கையோடு மூத்தவளைக் கட்டிக்கொண்டு அந்தப் பெரிய மனிதர் விசும்பி அழுதார். பார்த்தும் பார்க்காதது போல அவர் மனைவி மீனுக்குத் தண்ணீர் தெளித்தாள்.

சனிக்கிழமை விடிந்ததும் மூட்டைகளை எடுத்தார்கள். வாளி போதவில்லை. படிக்கட்டுப் பெண்கள் மீன் அள்ளும் பேசின்களோடு இறங்கினார்கள். இறைக்க இறைக்க மூத்தவள் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தாள். இறைத்தது திரும்பி வரவில்லை, அங்கங்கே கசிவுதான். பத்து மணிக்கு அதிகாரி அம்மா வந்தபோது படகு முதல் இடத்தில் மிதந்துகொண்டிருந்தது.

"உள்ள கணுக்கால் அளவுக்குத் தண்ணி நிக்குதே?" என்றார் அவர்.

"இன்னும் தாகம் தீரலைங்க மேடம்" என்றார் தச்சர்.

"மிதந்தா மட்டும் போதாது, ஓடவும் ஓடணும். விதி அப்படி."

மச்சான்கள் இருவரும் ஆளுக்கொரு துடுப்பைப் பிடித்தார்கள். அழைக்காமலே மனைவியும் ஏறி நடுவில் உட்கார்ந்துகொண்டாள். துறைமுக வாய்வரை போய்த் திரும்பி வந்தார்கள். நேற்று முன்தினம் சல்லடை என்று சிரித்தவன்தான் படியிலிருந்து முதலில் கையைத் தட்டினான். அதிகாரி கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை நீட்டினார்.

"ஆனா ஒண்ணு. ஒரு வருஷமா இந்தப் படகக் கண்ணாடி ரூம்ல வச்சு நல்லாப் பாதுகாத்தீங்கன்னு சொன்னாங்களே. அப்புறம் ஏன் தண்ணில இறக்க இவ்வளவு பாடு?"

செயலாளர் காகிதத்தை ஈரம் படாமல் மனைவியிடம் கொடுத்தார்.

"பாதுகாக்கலைங்க மேடம், பூட்டி வச்சிருந்தேன். ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சது என் தப்பு. இன்னொரு தப்பும் பண்ணினேன். படக உள்ள வச்சுக்கிட்டு, அதோட சூட்சுமம் தெரிஞ்ச ஆளை வெளிய நிக்க வச்சேன். புழங்கினாத்தாங்க எதுவும் நிலைக்கும். இது தண்ணில கிடக்கணும், இதுல நாலு பேர் ஏறணும், இத ரிப்பேர் பாக்கறவனுக்கு வேலை இருக்கணும். இதுல ஒண்ணு இல்லன்னாலும், நம்ம கையில இருக்கறது படகு இல்ல, வெறும் பலகை."

கண்ணாடி அறைக்கு இப்போது பூட்டு இல்லை. தச்சர் அங்கே இரண்டாவது மரப்படகுக்குப் பலகை இழைக்கிறார். ஏசி நிறுத்தியே கிடக்கிறது. அதை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று செயலாளர் மனைவி இன்னும் நம்புகிறாள்.

கயிற்றில் தொங்கிய பலகையைச் செயலாளர் தூக்கி எறியவில்லை. அதைத் திருப்பி, பின்பக்கத்தில் புதிதாக எழுதிப் படிக்கட்டில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறார்:

'ஏறி உட்காருங்கள். காலில் ஈரம் படும். பட்டால்தான் படகு.'