இடதுபுற வாசல்

ரயில் நிலையத்தில் அவளுக்குக் கூண்டக்கா என்று பெயர். முதல் பிளாட்பாரத்துக்கு மேலே, கூண்டு போன்ற கண்ணாடி அறையில் உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே வருகிறது, எது தாமதம் என்று மைக்கில் சொல்வது அவள் வேலை. ஊரில் பாதிப் பேருக்கு அவள் முகம் தெரியாது. ஆனால் குரல் தெரியாதவர் என்று யாருமே இல்லை. காய்கறிக் கடையில் அவள் "கால் கிலோ" என்று வாயைத் திறந்தால் போதும், பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்த்து, "நீங்கதானே அது?" என்பார்கள். அவளுக்கு வெட்கமாக இருக்கும். கூட வந்த மாமியாருக்கோ பெருமையில் தலைகால் புரியாது.

அந்தப் பெருமைக்குக் காரணம் உண்டு. முந்தின வருஷம் சாமான் அறையில் யாரோ வைத்த குண்டு வெடித்தது. அங்கிருந்த காவலர் அந்த இடத்திலேயே இறந்துபோனார். நிலையம் முழுக்கப் புகை. கூட்டம் நாலாபக்கமும் சிதறத் தொடங்கியது. கூண்டின் கண்ணாடியில் விரிசல் விழுந்தது. அவள் இறங்கி ஓடியிருக்கலாம். ஓடவில்லை. வண்டி வருகையைச் சொல்லும் அதே குரலில், "பயணிகள் கவனத்திற்கு. யாரும் ஓட வேண்டாம். குழந்தைகளைத் தூக்கிக்கொள்ளவும். இடதுபுற வாசல் வழியாக மெதுவாக வெளியேறவும்" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொரு முறை சொன்னாள். கூட்டம் அப்படியே அடங்கி, இடதுபக்கமாக நடந்தது. நெரிசலில் ஒரு செருப்புகூடத் தொலையவில்லை என்று ஊர் இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறது.

தேர்தல் வந்தது. ஆளும் கட்சித் தலைவர் சுவரெல்லாம் அன்றைக்கு நிலையத்தில் புகை எழுந்த படத்தையே ஒட்டினார். கீழே, 'மறுபடி நடக்கலாம். நான் இருக்கிறேன்' என்று கொட்டை எழுத்து. மாலையில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளை அம்மாக்கள் வெளிச்சம் இருக்கும்போதே உள்ளே கூப்பிட்டார்கள். நிலையத்தில் யாராவது பையைக் கீழே வைத்தால் பக்கத்து ஆள் எழுந்து தள்ளிப் போனார்.

அந்த நேரத்தில்தான் கூண்டக்காவுக்குப் பாராட்டு விழா என்று அழைப்பு வந்தது. நகர மண்டபத்தில், தலைவர் கையால் கேடயம்.

லேத் பட்டறையில் வேலை செய்யும் கொழுந்தன் தலைவரின் பரம பக்தன். சட்டைப்பையில் கட்சிச் சின்னத்தைக் குத்திக்கொண்டு வந்து நின்றான்.

"அண்ணி, எனக்கும் அம்மாவுக்கும் முன்வரிசையில சீட்டு வாங்கிட்டேன்!"

"உனக்கு எதுக்குடா முன்வரிசை? ரெண்டு போல்ட்டு கடைஞ்சதுக்கா?" என்றாள் மாமியார்.

"கூண்டக்காவோட கொழுந்தன்ங்கறதுக்கு."

நிலைய அதிகாரி வேறு விதமாகச் சொன்னார். "போயிட்டு வாம்மா. உன்னை நிரந்தரமாக்குற கோப்பு தலைவர் ஆபீஸ்லதான் கையெழுத்துக்குக் கெடக்கு. கொஞ்சம் பாத்து நடந்துக்க." ஒப்பந்தத்திலேயே பல வருஷம் ஓட்டிவிட்டவள் அவள். தலையாட்டினாள்.

மண்டபத்தின் பக்கவாட்டு அறையில், காதில் ஒயர் மாட்டிய விழா ஒருங்கிணைப்பாளர் அவளை உட்கார வைத்தார்.

"ரொம்ப சிம்பிள் மேடம். தலைவர் பேசிட்டிருக்கும்போது விளக்கு அணையும். சைரன் வரும், புகை வரும். அன்னைக்கு நீங்க பேசின ரெக்கார்டிங் ஓடும். விளக்கு வந்ததும் நீங்க ஒரே ஒரு வரி சொல்லணும். 'இது மறுபடி நடக்கும். தலைவரால மட்டும்தான் நம்மளக் காப்பாத்த முடியும்.' அவ்வளவுதான்."

"மறுபடி நடக்கும்னு தகவல் ஏதாவது வந்திருக்கா சார்?"

"தகவலா? தேர்தல் வந்திருக்கு மேடம்!" தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டுப்பாட்டு அறை உறுதி செய்யாத ஒன்றை அவள் இதுவரை மைக்கில் சொன்னதில்லை.

"நான் சொல்ல மாட்டேன் சார். இன்னைக்கு இந்தக் குரலை வச்சுப் பயமுறுத்திட்டா, நாளைக்கு நிஜமாவே ஏதாவது ஆகறப்போ இதை யாரு நம்புவாங்க?"

"உங்க கோப்பு விஷயம் தெரியும்ல?"

"தெரியும் சார்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, பேச வேண்டாம். சும்மா வந்து நின்னாப் போதும். ரெக்கார்டிங் பேசிக்கும்."

"அதையும் போடாதீங்க சார்."

"அது ரயில் நிலையத்தோட சொத்து மேடம், உங்களோடது இல்ல."

தன் தொண்டையிலிருந்து வந்தது தன்னுடையது இல்லையா என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் யாரோ கையைப் பிடித்து மேடையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள்.

தலைவர் முழங்கிக்கொண்டிருந்தார். "எதிரணிக்கு ஓட்டுப் போட்டுட்டு, பள்ளிக்கூடம் போன உங்க பிள்ளை வீடு திரும்பும்னு நிம்மதியா இருக்க முடியுமா?"

விளக்குகள் அணைந்தன. சைரன் அலறியது. இயந்திரம் கக்கிய புகை மேடையிலிருந்து முன்வரிசைகளின் மேல் இறங்கியது. ஒரு குழந்தை வீறிட்டது. நாற்காலிகள் கிறீச்சிட்டன. பின்னால் ஒரு பெண் கத்தினாள். இனி ஒருவர்மேல் ஒருவர் விழப்போகிறார்கள் என்று அவள் இருட்டில் மைக்கைத் தேடினாள்.

அப்போது ஒலிபெருக்கியில் அவள் குரலே வந்தது. "பயணிகள் கவனத்திற்கு. யாரும் ஓட வேண்டாம்."

கூச்சல் சட்டென்று அடங்கியது.

ஜனங்கள் நடுங்குவார்கள், தலைவர் கையை உயர்த்துவார், கைதட்டல் மண்டபத்தைப் பிளக்கும் என்று ஒருங்கிணைப்பாளர் கணக்குப் போட்டிருந்தார். இந்த ஊருக்கு அந்தக் குரல் கேட்டால் என்ன செய்து பழக்கம் என்பது வெளியூர்க்காரரான அவருக்குத் தெரியாது. இடதுபுற வாசலின் மேல் எரிந்த சிறு விளக்கின் வெளிச்சத்தில், முன்வரிசையிலிருந்து ஒருவன் எழுவது தெரிந்தது. அவள் கொழுந்தன். அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு இடதுபக்கம் நடக்கத் தொடங்கினான். அவன் பின்னால் அந்த வரிசை எழுந்தது. பிறகு அடுத்தது. குழந்தைகள் தோளுக்கு ஏறினார்கள். ஒருவரும் ஓடவில்லை, ஒருவரும் இடிக்கவில்லை.

விளக்கு வந்தபோது மண்டபம் கால்வாசி காலி.

"உக்காருங்க! எல்லாரும் உக்காருங்க! இது சும்மா ஒரு நாடகம்... அதாவது, ஒரு விளக்கத்துக்காக..." தலைவர் தடுமாறினார். யாரும் திரும்பவில்லை.

ஒருங்கிணைப்பாளர் ஓடிவந்து மைக்கை அவள் கையில் திணித்தார். "மேடம், கூப்பிடுங்க! உங்க குரலுக்குத்தான் திரும்புவாங்க!"

அது உண்மை என்று அவளுக்கும் தெரிந்தது. 'வாங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் நாற்காலிகள் நிறையும். கோப்பிலும் கையெழுத்து விழும். மைக்கின் குமிழை அழுத்தினாள்.

"பயணிகள் கவனத்திற்கு," என்றாள், பழக்கத்தில். வாசலில் யாரோ சிரித்தார்கள். எல்லாரும் நின்றார்கள்.

"மண்டபத்தில் எந்த ஆபத்தும் இல்லை. சைரனும் புகையும் மேடையிலிருந்து போடப்பட்டவை. மறுபடி குண்டு வெடிக்கும் என்று எந்தத் தகவலும் வரவில்லை. விருப்பம் உள்ளவர்கள் உட்காரலாம். வீட்டுக்குப் போகிறவர்கள் இடதுபுற வாசல் வழியாக மெதுவாகச் செல்லவும்."

மூச்சு வாங்கிக்கொண்டாள். இன்னொரு முறை சொன்னாள்.

தலைவர் பக்கம் அவள் திரும்பவே இல்லை. மேடைப் படியில் இறங்கி, அவளும் இடதுபுற வாசல் வழியாகவே வெளியே வந்தாள். வழியில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தி, ஒதுங்கி இடம் விட்டார்கள். ஒரு முதியவர் கைகூப்பினார்.

தெருவில் கொழுந்தன் துள்ளிக் குதித்தான். "பாத்தீங்களா அண்ணி? மொதல்ல எழுந்தது நான்தான்!"

"தலைவர் பேச்சைக் கேக்கப் போனவன்டா நீ," என்றாள் மாமியார்.

"அண்ணி குரல் கேட்டா கால் தானா எழுந்துக்குதும்மா, நான் என்ன பண்ண? கேடயம்தான் போச்சு."

"போகட்டும். தூசி தட்ட வீட்ல ஏற்கெனவே நெறைய இருக்கு."

"வேலையும் போகலாம் அத்தை," என்றாள் அவள்.

மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பயமில்லைன்னு சொன்னா அது பொய். ஆனா அந்த இருட்டுல எனக்கு ஒண்ணும் தெரியலம்மா. உன் குரலைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடந்தேன்." பிறகு எதிரே வந்த முன்பின் தெரியாத ஒருத்தியை நிறுத்தி, "இவ என் மருமக," என்றாள்.

மறுநாள் காலை நிலைய அதிகாரி கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார். "மேலேருந்து போன் வரும்மா."

"வரட்டும் சார். அதுவரைக்கும் வண்டி வருதே."

கட்டுப்பாட்டு அறையிலிருந்து தகவல் வந்தது. மூன்றாம் பிளாட்பாரத்துக்கு வரவேண்டிய வண்டி ஒன்றாம் பிளாட்பாரத்துக்கு மாறுகிறது. அவள் குமிழை அழுத்திச் சொன்னாள். கண்ணாடி வழியே பார்த்தாள். மூன்றாம் பிளாட்பாரத்துக் கூட்டம் முழுவதும் பைகளைத் தூக்கிக்கொண்டு திரும்பியது. அறிவிப்புப் பலகையை ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. பக்கத்து ஆளிடம் நிஜமா என்று கேட்கவும் இல்லை.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, இன்னொரு முறை சொன்னாள்.